காசின் மேனி

சவரன் என்ற சொல்லை உச்சரிக்காத தமிழ்க் குடும்பம் இல்லை. பெண்ணுக்கு எத்தனை சவரன், அடகில் இருப்பது எத்தனை சவரன், இன்றைக்குச் சவரன் என்ன விலை என்று நாள்தோறும் பேசுகிறோம். ஆனால் அது முதலில் ஓர் எடையின் பெயரன்று. ஒரு நாணயத்தின் பெயர். இங்கிலாந்து தேசத்தில் 1817-ஆம் ஆண்டு புதிய உருவில் வெளிவந்த ‘சாவரின்’ என்னும் பொற்காசே நம் நாவில் சவரனாயிற்று. பவுன் என்பதும் அதே காசுதான். நகைக் கடையில் நாம் எட்டுக் கிராமைச் சவரன் என்கிறோம். உண்மைக் காசின் நிறை 7.988 கிராம். இங்கே நம் தெலுங்கு அண்டைவீட்டார் துலம் என்று கணக்கிடுகின்றனர். அவர்கள் துலம் இப்போது பத்துக் கிராம். பழைய தோலாவோ பதினொன்றரைக்குச் சற்று மேல். எடைகளின் பெயர் நிலைத்து, எடைகள் மட்டும் நகர்ந்துவிடுகின்றன!

பாலாநகருக்குத் தொழிற்சாலைகளை நம்பி வந்த நம்மவர் கொண்டுவந்த தகரப் பெட்டிகளில் இத்தகைய காசுகள் இன்னும் உறங்குகின்றன. மருந்துத் தொழிற்சாலை மூடிப் பல ஆண்டுகளாகிவிட்டன, வந்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டனர், சிலர் காலமாகிவிட்டனர். பெட்டியைத் திறக்கும் வேளை இப்போதுதான் வந்திருக்கிறது. பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம், பேத்திக்குக் கலியாணம், கிழவருக்கு அறுவைச் சிகிச்சை என்று ஏதோ ஒன்று அதைத் திறக்கச் செய்கிறது. திறந்தவுடன் வீட்டில் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘இது பழைய காசு, லட்சக்கணக்கில் போகும்’ என்பது ஒன்று. ‘எல்லாம் தங்கம்தானே, உருக்கிவிட்டால் தீர்ந்தது’ என்பது மற்றொன்று. நாம் பார்த்த அளவில், பத்துக்கு ஒன்பது காசுகளில் இரண்டாவது குரலே சரி. மீதி ஒன்றில்தான் முதற்குரல் சரியாகிறது. அந்த ஒன்று எது என்று கண்டுகொள்ளும் முன் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துவிடுகிறார்களே, அதைத் தடுக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் நாணய ஆராய்ச்சியாளரல்லோம். பள்ளியிறுதியோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக எடை போட்டுச் சீட்டு எழுதுகிறவர். தராசின் முள்ளும், இப்போது அதன் எண்ணும், நமக்குப் பழக்கம். மற்றதைக் கற்பித்தவர் நம் தெருவிலேயே குடியிருந்த தெலுங்குப் பெரியவர் ஒருவர். அவர் சைபாபாத் நாணயச்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிஜாம் காலத்தில், 1903-இல் சைபாபாத்துக்கு வந்த அந்தச் சாலை 1997-இல் சேர்லபள்ளிக்கு மாறியது. பழைய கட்டடத்தில் 2022-இல் நாணய அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். குழந்தைகளை ஒருமுறை அழைத்துச் செல்வது நலம்.

பெரியவர் முதல் நாளே ஒன்றை வற்புறுத்தினார். காசைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதே என்றார். இது பொன்னா? இது அரசின் சாலையில் அடித்த காசா? இதன் மேனி எப்படி இருக்கிறது? முதற்கேள்விக்குத் தட்டான் விடை சொல்வான். இரண்டாவதற்குப் புத்தகம் விடை சொல்லும். மூன்றாவதற்குக் கண் ஒன்றே சாட்சி. முதலிரண்டும் நாளைக்கும் அப்படியே இருக்கும். மூன்றாவது ஒரு நிமிடத் தேய்ப்பில் போய்விடும், மீண்டும் வாராது. அவர் மேனி என்று தெலுங்கில் சொன்ன சொல் வேறு. நாம் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் காணவில்லை.

முதற்கேள்வியில் நம் முன்னோர் பெருந்தேர்ச்சி உடையவர்கள். பத்தரைமாற்றுத் தங்கம் என்று நாம் இன்றும் புகழுரையாகச் சொல்கிறோமே, அந்த மாற்று என்பது உரைகல்லில் கண்ட தரம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்கள் கோயிலுக்கு வந்த பொன்னை ஆடவல்லான் என்ற பெயருடைய எடைக்கல்லால் நிறுத்த விவரத்தைக் கூறுகின்றன. தண்டவாணி என்ற அளவுத் தரத்துக்கு இப்பொன் கால் மாற்றுக் குறைவு என்று நுணுகி எழுதுகின்றன. கோயிலுக்குக் கொடுத்ததிலும் கால் மாற்றை மறைக்கவில்லை! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்த நேர்மையை இன்று சில கடைகளின் ரசீதுகளில் தேடவேண்டியிருக்கிறது.

காசைக் கழுத்தில் அணிவதும் நமக்குப் புதிதன்று. தென்னாட்டு மண்ணில் அகப்பட்ட ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் அரசன் தலைக்கு மேலே துளைகள் உள்ளன, கோத்து அணிந்திருக்கிறார்கள். புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898-ஆம் ஆண்டு 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின்மேல் அரசன் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. காசைச் செலாவணியிலிருந்து விலக்கவே அப்படி வெட்டினர் என்பர் ஒருசாரார். உள்ளேயும் பொன்தானா என்று சோதித்தனர் என்பர் மற்றொருசாரார். சேகரிப்போர் கண்ணுக்கு வெட்டுப்பட்ட காசு தரம் குறைந்தது. வரலாறு கற்போருக்கோ அந்த வெட்டே காசைவிடப் பெரிது. யாரேனும் ஒருவர் ‘அழகாக்குகிறேன்’ என்று வெட்டை நிரப்பி மெருகிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேனியில் இருப்பது அழுக்கு மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இனி நடந்ததைச் சொல்வோம். எங்கள் வரிசையில் நான்கு வீடுகள் தள்ளித் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருக்கிறார். கணவர் இங்கே தொழிற்சாலையில் முப்பதாண்டு உழைத்து மறைந்தார். ஆச்சியின் பேரனுக்குப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்த ஒன்பது நாள் தவணை. காசுமாலையை விற்பதென்று முடிவாயிற்று. கடை ஒன்றில் மொத்தமாக நிறுத்து, உருக்கும் கழிவென்று சற்று அதிகமாகவே கழித்து, ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். ‘தம்பி, நீ ஒருக்கா பார்த்துச் சொல்லிட்டா எனக்கு மனசு ஆறும்’ என்று ஆச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை எடுத்து வந்தார். மாலையில் பத்துக் காசுகள். தனியே மெல்லிய தாளில் பொதிந்து ஒரு காசு. அது கணவர் இவ்வூரில் பழம்பொன் விற்கும் ஒருவரிடம் வாங்கிவைத்தது, மாலையில் கோக்கவே இல்லை.

பேரன் கையில் பற்பசையும் பழைய துணியும் இருந்தன. ‘அண்ணாச்சி, நல்லாத் தேச்சு மினுக்கிட்டுக் காட்டினா விலை கூடும்லா?’ என்றான். முதலில் துணியை அவனிடமிருந்து வாங்கி வைத்தோம்.

பத்துக் காசுகளும் சாவரின் உருவின. அவற்றின் தலைப்பக்கம் விக்டோரியா ராணி ஒன்று, எட்வர்டு மன்னர் மூன்று, ஐந்தாம் ஜார்ஜ் ஆறு. பின்பக்கத்தில் குதிரைமேலிருந்து சர்ப்பத்தைக் கொல்லும் வீரன். பிஸ்த்ரூச்சி என்ற இத்தாலியச் சிற்பி அமைத்த உருவம் அது. ஒவ்வொன்றின் தலைமேலும் ஆசாரி பற்றவைத்த வளையம். வளையம் இருப்பதால் 7.988 என்ற நிறையோடு நேரே ஒப்பிட இயலாது. ஆகவே தண்ணீரைத் துணைக்கு அழைத்தோம். இம்முறை எவர் வீட்டிலும் செய்யத்தக்கது. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு இப்போது அதிக விலையில்லை. அதன்மேல் ஒரு கிண்ணத்தில் நீர் வைத்து எண்ணைச் சூன்யமாக்கிக் கொள்க. காசை மெல்லிய நூலில் கட்டி, நீரில் முழுதும் மூழ்குமாறும் அடியையும் பக்கத்தையும் தொடாதவாறும் தொங்கவிடுக. தராசு காட்டும் எண்ணால் காசின் நிறையை வகுக்க வேண்டும். இருபத்திரண்டு காரட் பொன்னும் செம்பும் கலந்த சாவரினானால் பதினேழரைக்கு அருகே வரும். வளையமில்லாத காசாயின் தராசு ஏறத்தாழ 0.45 காட்டும். பித்தளைமேல் பொன் முலாம் பூசியதானால் எட்டரையைத் தாண்டாது. ஒரு கீறலும் இல்லை; உரைகல்லும் வேண்டாம், திராவகமும் வேண்டாம்.

கடைகளில் கதிர்ப்பெட்டிக் கருவி வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நல்ல கருவிதான். ஆனால் அது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. தடித்த முலாமானால் ஏமாறும். அதையும் தண்ணீரையும் சேர்த்தே நம்பவேண்டும்.

பத்துக் காசுகளும் நீர்ச்சோதனையில் தேறின. ஆச்சியின் முகம் மலர்ந்தது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஆண்டையும் எழுத்தையும் பார்த்தோம். ஐந்தாம் ஜார்ஜ் காசில் குதிரையின் காலடித் தரைக்கோட்டில், ஆண்டுக்கு நேர்மேலே ஒரு நுண்ணெழுத்து இருக்கும். சிட்னியில் அடித்தால் எஸ், மெல்போர்னில் எம், பெர்த்தில் பி, தென்னாப்பிரிக்காவில் எஸ்.ஏ., கனடாவில் சி. இலண்டனில் அடித்ததற்கு எழுத்தே இல்லை. ஆச்சியின் காசுகளில் ஒன்றில் ஐ என்று இருந்தது. அது நம் பம்பாய்! முதல் உலகப்போரின் இறுதியில், 1918 என்ற ஒரே ஆண்டுக்குரியதாக, பம்பாயில் ஏறத்தாழ 13 லட்சம் சாவரின்கள் அடித்தார்கள்; அடுத்த ஆண்டே அந்தக் கிளை மூடப்பட்டது. இதைச் சொன்னதும் பேரன் கைப்பேசியை எடுத்து ஏதோ ஒரு பெருந்தொகையைப் படித்துக் காட்டினான். ஆச்சி மெதுவாக, ‘அப்போ இது ஒண்ணே போதுமாய்யா பீஸுக்கு?’ என்றார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. பதின்மூன்று லட்சம் என்பது அரிய தொகையன்று. அதன்மேல், விளக்கைச் சாய்த்துப் பார்த்தோம். மன்னரின் புருவமும் கன்னமும் தாடியும் வழுவழுவென்று தேய்ந்து ஒன்றாகியிருந்தன. மறுபக்கத்தில் வீரனின் தலைக்கவசமும் குதிரையின் மார்பும் தட்டையாகிவிட்டன. காசில் எது மேடோ அது முதலில் தேயும். தரம் பார்ப்பவர் முதலில் அங்கேதான் பார்க்கிறார். வளையத்தின் அடியில் விளிம்பின் பல்வரிகள் பொடிவைத்து ஊதியதால் நிரம்பியிருந்தன. வளையத்தை அறுத்து எடுத்தாலும் அத்தடம் மறையாது. அரத்தால் ராவினால் இன்னும் கெடும். பொன்விலைக்கு மேல் இதற்கு மிகச் சொற்பமே கிடைக்கும் என்றோம். பேரனுக்கு நம்மேல் கோபம் வந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதைவிடக் கடினமான காசு ஒன்பதாவது. 1923-ஆம் ஆண்டு, ஐந்தாம் ஜார்ஜ். தரைக்கோட்டில் எழுத்து எதுவும் இல்லை. எழுத்து இல்லையேல் இலண்டன். ஆனால் இலண்டன் சாலை 1917-க்குப் பின் 1925 வரை சாவரின் அடிக்கவே இல்லை. ஆக, இது எந்த அரசின் சாலையிலும் பிறவாத காசு. கண்ணாடியில் பார்த்தபோது எழுத்துக்களின் ஓரங்கள் சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கியிருந்தன. அது தேய்வன்று, தேய்ந்த காசில் பள்ளமான இடங்களாவது கூர்மையாக இருக்கும். இதில் பள்ளமும் மேடும் ஒருபடித்தாக மங்கியிருந்தன. வியப்பு என்னவென்றால் பொன்னில் குறையில்லை. நிறையும் நீரும் சரியாக இருந்தன. உலகப்போருக்குப் பின் பெய்ரூத்து முதலிய நகரங்களில் முழுத் தரப் பொன்னிலேயே போலிச் சாவரின்கள் அடித்து விற்றிருக்கிறார்கள்; பொன்விலையைவிடக் காசின் விலை கூடுதலாக இருந்ததால் அதில் இலாபம். நம் நாட்டிலோ மாலையில் கோப்பதற்கென்றே காசுருவில் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் பழையது. வெனிஸ் நகரத்துப் பொற்காசைப் பார்த்து இங்கே செய்த புத்தலிக் காசுகள் எத்தனையோ. அப்படிச் செய்தவரெல்லாம் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். இந்தக் காசு எந்த வழியில் வந்தது என்று காசைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஆச்சி அதை வாங்கிப் பார்த்தார். ‘இது என் அண்ணன் போட்டது. கல்யாணத்துக்கு மத்தவங்க எல்லாம் பாத்திரம் தந்தாங்க, அவன்தான் ஒத்தைப் பவுன் போட்டான். மூணு மாச சம்பளம்னு எங்கம்மா சொல்லுவா’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘அவன் ஏமாந்தானா தம்பி, இல்ல ஏமாத்தினானா?’ என்று கேட்டார்.

‘பவுனுக்கு உண்டான தங்கம் முழுசா இருக்கு ஆச்சி. ஒரு குன்றிமணிகூடக் குறையல. காசு மட்டும் அரசாங்கத்தோடது இல்ல’ என்றோம். அதற்குமேல் ஒரு சொல் கூட்டினாலும் அது நாம் அறியாததாயிருக்கும். ஆச்சி அந்த ஒன்றை நூலிலிருந்து உருவி மடியில் முடிந்துகொண்டார். அவர் விற்ற ஒன்பதில் அது இல்லை.

கடைசியாகத் தாளில் பொதிந்திருந்த காசு. அஷ்ரபி, நம் ஐதராபாத்தின் பொற்காசு. நடுவே சார்மினார், அதன் வாயிலுக்குள் ஒற்றை எழுத்து. மீர் மகபூப் அலிகான் காலத்ததாயின் மீம் என்ற எழுத்து. அவருக்குப் பின் 1911-இல் பட்டமேறிய மீர் உஸ்மான் அலிகான் காலத்ததாயின் ஐன் என்ற எழுத்து. இதில் ஐன் இருந்தது. மறுபக்கத்தில் ஃபர்குந்தா புன்யாத் ஹைதராபாத் என்று நகரின் பட்டப்பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். பெரியவர் விரல் வைத்துக் காட்டியதால் நமக்கு அதன் வடிவம் பழகிவிட்டது. முழு அஷ்ரபியின் நிறை 11.18 கிராமுக்கு ஒரு மயிரிழை கீழே. பொன்தரம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. தராசு 11.17 காட்டியது, நீரில் 0.64. நினைவுப்பொருளாகச் சார்மினார் உருவில் மஞ்சள் உலோகத்தில் வார்த்த வில்லைகள் விற்பதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். வார்த்தது எதுவானாலும் கண்ணாடியின்கீழ் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றினால் எங்கேனும் இரு பாதிகள் சேர்ந்த கோடு அகப்படும். இதில் இரண்டும் இல்லை.

பிறகு அதை ஒற்றை விளக்கின்கீழ், இரு விரலால் விளிம்பை மட்டும் பற்றி, மெல்லச் சுழற்றினோம். காசின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஓர் ஒளிக்கற்றை சக்கரத்தின் ஆரக்கால்போல் சுழன்றோடியது. ஆச்சியும் பார்த்தார், பேரனும் பார்த்தான். அச்சு விழுந்த கணத்தில் பொன் நசுங்கி நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. அவ்வோட்டத்தின் நுண்ணிய வரிகள் மேனியில் பதிந்து நிற்கின்றன. அவற்றின்மேல் வெளிச்சம் பட்டால் இவ்வாறு சுழலும். இதைப் பொய்யாக உண்டாக்க முடியாது. மெருகிட்ட காசும் பளபளக்கும்; ஆனால் அந்தப் பளபளப்பு கண்ணாடிபோல் ஓரிடத்திலேயே நிற்கும், சுழலாது. கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிர்க்கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். தேய்த்த துணியின் கையெழுத்து அது. விளிம்போரம் செம்மை படர்ந்திருந்தது. பொன்னோடு கலந்த செம்பு காலத்தால் காட்டும் நிறம். பேரன் அதைத்தான் அழுக்கென்று எண்ணிப் பற்பசை கொண்டுவந்திருந்தான். மினார்களின் நுனியில் மட்டும் சிறிது தேய்வு.

மேல்நாட்டில் காசின் தரத்தை ஒன்று முதல் எழுபது வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் செப்புக்காசுகளுக்கென்று வகுத்த முறை அது. இப்போது எல்லாக் காசுக்கும் வழங்குகிறது. பணம் பெற்றுக்கொண்டு தரம் பார்த்து, காசைப் பெட்டியில் அடைத்து முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் தேய்த்துக் கழுவிய காசுக்கும் வளையம் பற்றவைத்த காசுக்கும் எண்ணே தருவதில்லை. குறையை எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த எண்களுக்கிடையே ஓரெண் கூடக் குறைய என்று வாதாடுவது வியாபாரிகள் தொழில். நமக்கு அது வேண்டாம். சாதாரணச் சாவரினுக்கு அதனால் பெரிய வேறுபாடும் இல்லை. வளையமில்லாத காசா, ஒளி சுழல்கிறதா, மேடுகள் நிற்கின்றனவா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் குடும்பத்துக்குப் போதும். மூன்றும் ஆம் என்றால் அதை உருக்கும் கடைக்குக் கொண்டு போகக்கூடாது.

ஆச்சி ஒன்பதை நிறுத்து விற்றார். நாமும் உடன் சென்று, ஒவ்வொரு காசையும் தனித்தனியே நிறுக்கச் சொல்லி, வளையத்துக்கு வேறு, காசுக்கு வேறு என்று கணக்கு எழுதி வாங்கினோம். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முன்பு சொன்ன தொகையைவிட ஏறியது. அஷ்ரபியை அவசரமின்றி, சேகரிப்போர் இருவரிடம் காட்டினோம். பொன்விலைக்கு நன்றாக மேலே கேட்டார்கள். எவ்வளவு என்று இங்கே எழுத ஆச்சி சம்மதிக்கவில்லை. ‘கண்ணு படும்’ என்றார். கல்லூரிக் கட்டணம் எட்டாம் நாள் செலுத்தப்பட்டது.

வீட்டில் காசு உள்ளவர்கள் அதைத் தொடும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்ளவேண்டும். மேசைமேல் துணி விரித்துப் பார்க்க வேண்டும். தவறி விழுந்தால் விளிம்பு நசுங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளுறையில் வைத்து, நிறை, ஆண்டு, யார் கொடுத்தது என்று உறையின்மேல் எழுதுக. தட்டி ஓசை கேட்கும் பழைய வழக்கம் வெள்ளி ரூபாய்க்குப் பொருந்தும்; வளையம் வைத்த பொற்காசு எப்படியும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதைக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய இயலாது. பூந்திக்கொட்டை நீர்கூட மாலைக்குச் சரி, தனிக்காசுக்கு வேண்டாம்.

கட்டட வேலையில் அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்தது, ரகசியமாக விற்கிறோம் என்று கூறிக்கொண்டு வருவோரைப் பற்றியும் ஒரு சொல். முதலில் சோதிக்கக் கொடுக்கும் ஒரு காசு சுத்தத் தங்கமாகவே இருக்கும். தட்டானும் தங்கம் என்பான். பிறகு வரும் பொட்டலம் முழுதும் பித்தளை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களையே இவர்கள் பெரும்பாலும் நாடுகிறார்கள். நாம் காவல் நிலையம் போகத் தயங்குவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உண்மையிலேயே மண்ணில் புதையல் அகப்பட்டாலும், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே அவர்கள் சொல்வது பொய்யானாலும் குற்றம், மெய்யானாலும் குற்றம்.

இன்னொன்று, சென்ற மாதம் கேட்கப்பட்டது. ஆச்சியின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமா போட்ட காசையாவது தனக்கு அனுப்பி வைக்குமாறு தொலைபேசியில் அழுதிருக்கிறார். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் எதுவும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி தொல்பொருளாகிவிடுகிறது. தனியார் எவரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டு போகலாகாது, அஞ்சலிலும் அனுப்பலாகாது. இந்தக் காசில் பொறித்துள்ள 1923 மெய்யான ஆண்டன்று. எந்த ஆண்டில் செய்தது என்றும் தெரியாது. ஆனால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்ப்பது பொறித்த ஆண்டைத்தான். பொங்கலுக்கு மகளையே வரச் சொல்லுமாறு ஆச்சியிடம் சொன்னோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம்.